பெயின்ட் டப்பாவுக்கு ஏன் பூட்டு

யார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

என்னை வழியனுப்பிய அன்று நான்கு வார்த்தை பேசச் சொன்னீர்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்தாவது வரை படித்தவன், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. முழங்கால் ஒத்துழைத்திருந்தால் இன்னும் சில வருடம் உங்களோடு யார்டிலேயே இருந்திருப்பேன். அது நடக்கவில்லை. அதனால் பேச வேண்டியதை எழுதித் தருகிறேன்.

அன்று டீ குடிக்கும்போது உங்களில் ஒரு பெண் கேட்டாள். "அண்ணா, யார்டுல இத்தனை இரும்பு தொறந்து கெடக்குது, அதுக்குப் பூட்டு இல்ல. அரை டப்பா பெயின்ட்டுக்கு எதுக்குங்ணா இரும்பு அலமாரியும் பூட்டும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் மாலை போட ஆள் வந்துவிட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இது.

இரும்பு ராடை எப்படி வெட்டுவது, ஃபர்னஸில் எவ்வளவு சூடு வைப்பது என்பதெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்றால் தானாக வந்துவிடும். எங்கள் மேடத்திடம் நான் பார்த்த ஒன்று அப்படி வராது. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சரக்கின் தரம் பார்க்கும் கியூ.சி. மேடம் என்றால் உங்களுக்கே தெரியும். என்னைவிட வயதில் சின்னவர். சேலம் டவுனில் மாதா கோயில் பக்கம் வீடு. அந்தக் காலத்தில் டவுன் பஸ்ஸில்தான் வேலைக்கு வருவார்.

போல்ட் செய்யும் நம் கம்பெனிக்கு அப்போதும் இரண்டு வகை ராடு வரும். ஒன்று பெரிய ஆலையில் இரும்புத் தாதை நிலக்கரி போட்டு உருக்கிச் செய்வது. அதன் முனையில் நீலப் பெயின்ட் அடிப்போம். இன்னொன்று பக்கத்து மில்லில் பழைய இரும்பைக் கரன்ட் ஃபர்னஸில் உருக்கிச் செய்வது. சங்ககிரிப் பக்கம் உடைத்த லாரி, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளின் தேய்ந்த பைப் எல்லாம் அதில் சேரும். அதற்கு மஞ்சள் அடிப்போம். போல்ட் ஆகி ஃபர்னஸிலிருந்து வெளியே வந்த பிறகு இரண்டும் நாங்கள் செய்த சாமானுக்குப் போதுமான பலத்தோடுதான் இருக்கும். ஆனாலும் யார்டில் நீலத்துக்குத்தான் மரியாதை. யாராவது பெரிய மனிதர் பார்க்க வந்தால் நீலம் முன்னால் இருக்கும். மஞ்சள் ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் போய்விடும். காயலாங்கடை இரும்பு என்று அதைச் சொல்வோம்.

ஐரோப்பாவுக்குப் போகும் ஆர்டர் நமக்கு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். அப்போது இரண்டாம் ஷிப்டே அதை நம்பித்தான் ஓடியது. அந்த ஷிப்டில் பாதிப் பேர் ஜலகண்டாபுரத்தில் தறி நின்றுபோய் இங்கே வந்தவர்கள். ஆர்டர் போனால் ஷிப்ட் போகும். திரும்பிப் போய் உட்கார அவர்களுக்குத் தறியும் இல்லை.

அந்த ஆர்டர் கொடுப்பவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. அவர்கள் நாட்டில் புதுச் சட்டம். வெளியிலிருந்து வரும் இரும்புச் சாமானுக்கு, அதைச் செய்தபோது எவ்வளவு புகை வானத்துக்குப் போனது என்று காட்ட வேண்டும். புகை அதிகமென்றால் வாங்குபவர் அங்கே அதிகப் பணம் கட்ட வேண்டும். நாம் ஒன்றும் காட்டாவிட்டால் அவர்களே ஓர் அளவை வைத்துக்கொள்வார்கள், அது நமக்குச் சாதகமாக இருக்காது. கணக்கு அனுப்புங்கள், எங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார், அதற்குப் பிறகுதான் அடுத்த வருட ஆர்டர் என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளிக்குக் கோபம். யார்டிலேயே நின்று சத்தம் போட்டார்.

"ஏனுங்க மேடம், இது என்னங்க நாயம்? அவீங்க அப்பன் பாட்டன் காலத்துல இருந்து பொகை உட்டு ரோடும் பாலமும் கட்டிக்கிட்டாங்க. நாம இப்பத்தான் தலையெடுக்கறோம். நம்ம பொகைய மட்டும் அளந்து காட்டோணுமா?"

"நியாயம் உங்க பக்கம்தான் சார். ஆனா சரக்கு அவங்க பக்கம்தானே போகுது" என்றார் மேடம்.

"கோயமுத்தூர்ல ஒருத்தர் பொகைக் கணக்கு நம்பரெல்லாம் ரெடியா வெச்சிருக்காராமுங்க. நம்ம பேரு போட்டுக் குடுத்துருவாராம்."

"அது யாரோட இரும்புக்குப் போட்ட நம்பர் சார்?"

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

பெரிய ஆலைகளில் இந்தக் கணக்குக்கென்றே தனி ஆபீஸ் இருக்கிறதாம். நமக்கு மேடமும் ஒரு டவுன் பஸ்ஸும்தான். பக்கத்து மில்லுக்கு அவரே போனார். முதல் தடவை அவர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை வாட்ச்மேனோடு உட்கார்ந்துவிட்டு வந்தார். எத்தனையாவது தடவை என்று தெரியாது, உருக்க எவ்வளவு கரன்ட் ஆகிறது என்பதை வாங்கி வந்துவிட்டார். எல்லாம் கூட்டிப் பார்த்ததில் அவருக்கே ஆச்சரியம். நாங்கள் தார்ப்பாய்க்குள் மறைத்து வைத்த மஞ்சள் ராடுக்குப் புகை மிகக் குறைவு.

யார்டின் மூத்த ஆள் குழந்தைவேல் அண்ணன் இதை நம்பவில்லை. அவரை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். லோடு ஏற்றுவதிலும் அடுக்குவதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"கரன்டு மட்டும் எங்கிருந்துங்க வருது? மேட்டூருக்குப் போறப்ப பொகைக்கூண்டு பாக்கறமே, அதுவும் கரி எரிச்சுத்தானுங்க?"

"அதையும் சேத்துத்தாண்ணே கணக்குப் போட்டேன். அப்பவும் மஞ்சள்தான் கம்மி."

"என்னமோ போங்க. காயலாங்கடைக்கு வந்த காலம்!"

அந்த ஆர்டரை இனி மஞ்சள் ராடில் மட்டும் செய்வது என்று முடிவானது. கலந்துவிடாமல் தனியாக வைக்க வேண்டும் என்று மேடம் என்னிடம் சொன்னார். மில்லிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டிலும் கம்பியில் மில் பெயர் அடித்த ஒரு தகர டேக் தொங்கும். டேகையும் மஞ்சள் முனையையும் பார்த்துத் தனி ரேக்கில் அடுக்கி வைத்தேன்.

வெளிநாட்டு ஆள் வருவது திங்கட்கிழமை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மேட்டூரில் மச்சினன் வீட்டுக் கல்யாணம். திங்கள் காலை வந்து யார்டைப் பார்த்தவன் கேட்டிலேயே நின்றுவிட்டேன்.

இரண்டு பக்கமும் வாழைமரம். தரையில் கோலம். ரேக்குகளுக்குச் சந்தனம், குங்குமம். மஞ்சள் ராடு, நீல ராடு எல்லாம் ஒரே வரிசையாக, முனை முனையாகச் சேர்த்து அடுக்கியிருந்தது. அத்தனை முனையிலும் புது நீலப் பெயின்ட். வெயில் பட்டு மின்னியது.

குழந்தைவேல் அண்ணன் சட்டையெல்லாம் நீலமாக நின்றிருந்தார். ஞாயிறு முழுக்க ஆள் வைத்து வேலை செய்திருக்கிறார். யாரும் சொல்லாமல் அவராகச் செய்தது.

"எப்படிப்பா இருக்குது? ஆயுத பூசைக்குக் கூட இப்படி ஆனதில்ல. கடல் தாண்டி வாராங்க, அவீங்களுக்குப் போய்க் காயலாங்கடை மஞ்சளக் காட்டறதா?"

"அண்ணா... டேக் எல்லாம்?"

"அதுவா? ஒரே துருப்பா. பாக்கறதுக்கு அசிங்கமா இருந்துது. எல்லாத்தையுங் கழட்டி மண்ணெண்ணெயில தொடச்சு வெச்சிருக்கறேன் பாரு."

ஒரு சட்டி நிறைய டேகுகள். ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது. எது எந்தக் கட்டில் தொங்கியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். சட்டியை மேஜை மேல் வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

முதலாளி அப்போது சூரமங்கலத்தில், ஜங்ஷன் வாசலில், அந்த வெளிநாட்டு அம்மாவைக் கூட்டிவர ரயிலுக்குக் காத்திருந்தார். மேடம் போனில் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது.

"கைக்கு வந்த டேக எடுத்துக் கட்டி உடச் சொல்லுங்க மேடம்! பாதிக்கு மஞ்சளப் பூசி அந்தப் பக்கம் தள்ளுங்க. அந்தம்மாவுக்கு எங்க தெரியப் போவுது?"

"அவங்களுக்குத் தெரியாது சார். நமக்குத் தெரியுமே."

"பொண்ணு பாக்க வந்தவீங்ககிட்ட வாசல்லயே நின்னு பொண்ணுக்குப் பல்லு எடுப்புன்னு சொல்லுவீங்களா? ரயிலு வந்துருச்சு. வெக்கறேன்."

மேடம் யார்டுக்கு வந்தார். இதற்குள் விஷயம் குழந்தைவேல் அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. மனுஷன் ரேக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நானாக இருந்தால் இரண்டு வார்த்தை கத்தியிருப்பேன். மேடம் அப்படிச் செய்யவில்லை.

"அண்ணே, தண்ணி குடிங்க மொதல்ல. அழகாத்தான் இருக்கு. இப்ப சொல்லுங்க, நேத்து அடுக்கினப்ப எது எங்க இருந்துச்சுன்னு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"இல்லீங்க சாமி. நீளம் பாத்துத்தானுங்க அடுக்கினேன். என்னால ஷிப்டே போயிருமாட்ட இருக்குது."

"ஷிப்ட் இன்னும் போகல" என்றார் மேடம். ஒரு ராடின் முனையைக் குனிந்து பார்த்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய லாரியை உருக்கும்போது அதில் கிடக்கும் வயர், மோட்டாரிலிருந்து கொஞ்சம் செம்பு இரும்பில் சேர்ந்துவிடும். எத்தனை கழித்தாலும் ஒரு துளி தங்கும். அதிகமாகிவிட்டால் சூட்டில் அடிக்கும்போது விரிசல் விடும். அந்தச் செம்பை வைத்துத்தான் நாங்கள் மஞ்சள் ராடை அத்தனை காலம் திட்டியது. மேடத்துக்கு அன்று தோன்றியது அந்தச் செம்புதான். ராடு எங்கே பிறந்தது என்பதைப் பெயின்ட் மறைத்துவிட்டது, அதைக் காட்ட வேண்டிய டேகும் கழன்றுவிட்டது. மஞ்சள் ராடுக்குள் இருக்கும் செம்பு போகவில்லை; தாதிலிருந்து வரும் நீலத்தில் அது அநேகமாக இருக்காது. டவுனில் ஒரு லேபுக்குப் போன் போட்டார். கையில் பிடித்து இரும்பின் மேல் வைத்தால் உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கருவி அவர்களிடம் இருந்தது. ஆனால் மதியத்துக்கு மேல்தான் வர முடியும் என்றார்கள். வெள்ளைக்காரம்மாவோ இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார்.

கார் வந்தது. இறங்கிய அந்தம்மா நல்ல உயரம், நரைத்த முடி, அதிகம் பேசாதவர். பின்னாலேயே முதலாளி இறங்கி மேடத்தைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். அந்தம்மா கோலத்தைப் பார்த்துச் சிரித்தார், யார்டைப் பார்த்துத் தலையாட்டினார். நேராகப் போய் ஒரு ராடின் முனையைத் தொட்டார். விரல் நீலமாகிவிட்டது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

குழந்தைவேல் அண்ணன் ஓடிப்போய் மண்ணெண்ணெய்த் துணியை நீட்டினார். அந்தம்மா விரலைத் துடைத்துக்கொண்டே மேடத்திடம் ஏதோ கேட்டார். மேடம் பதில் சொன்னார். ரொம்ப நேரம் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவர் கை நீல முனைகளை எப்போது காட்டியது, சட்டியை எப்போது காட்டியது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எதையும் விடாமல் சொல்கிறார் என்று புரிந்தது. முதலாளி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மேடம் எங்களுக்குச் சொன்னது இது. இப்படிப் பெயின்ட் அடித்தது யார் என்று அந்தம்மா கேட்டிருக்கிறார். "நாங்கதான், உங்களை வரவேற்க" என்றாராம். பெயர் சொல்லவில்லை. இப்போது இதையெல்லாம் எந்தக் கணக்கில் வைப்பீர்கள் என்று அடுத்த கேள்வி. மஞ்சள் என்று நிச்சயமாகும் வரை எல்லாமே நீலம்தான், அதிகப் புகைக் கணக்குத்தான் என்றாராம்.

அந்தம்மா சாப்பிட்டுவிட்டு ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். மதியம் லேப் ஆள் கருவியோடு வந்ததும் ஒரு நாற்காலி கேட்டு யார்டிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு முனையாகச் சுரண்டிக் கொடுத்தேன். லேப் ஆள் கருவியை வைத்துச் செம்பின் அளவைச் சொல்வார். மேடம் "மஞ்சள்" என்பார், அல்லது "நீலம்" என்பார். மஞ்சள் என்றால் குழந்தைவேல் அண்ணன் அவர் அடித்த நீலத்தின் மேலேயே மஞ்சள் வைப்பார்.

"நேத்து ஆசையா அடிச்சேன். இன்னிக்கு நானே அழிக்கறேன்" என்று முனகினார்.

"நல்லா அழுத்தி அடிங்கண்ணா, கீழ நீலம் தெரியுது" என்றேன். நான் அவரைக் கிண்டல் செய்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஆக ஆக எல்லோருக்கும் தெம்பு வந்தது. மஞ்சள் பக்கம் குவியல் ஏறியது. ஆனால் நடுவில் ஒரு மூன்றாவது குவியலும் சேர்ந்துவிட்டது. செம்பு அதிகமும் இல்லை, இல்லாமலும் இல்லை. அவற்றை எந்தப் பக்கமும் சொல்ல முடியவில்லை. அவை மஞ்சளில் சேர்ந்தால் கன்டெய்னர் நிறையும். சேராவிட்டால் அந்த மாதச் சரக்கு குறையும்.

முதலாளி மேடத்தின் காதருகே வந்தார். இப்போது கோபமில்லை, கெஞ்சல்தான்.

"பாதியாச்சும் மஞ்சளாத்தான இருக்கும் மேடம்? சந்தேகத்தோட பலன நமக்குக் குடுத்தா என்னங்க?"

"பாதி மஞ்சள்தான் சார். எந்தப் பாதின்னு தெரியலையே" என்றார் மேடம். பிறகு குரலை இன்னும் தாழ்த்திச் சொன்னார். "இந்தச் சட்டம் நம்மள நெனச்சுப் போட்டதில்ல சார். எனக்கும் கோபம்தான். ஆனா இதுல நாம ஒரு ராடு பொய் சொன்னாலும், இவங்க எல்லாம் இப்படித்தான்னு அங்க நினைக்கறது உண்மையாயிடும். அப்புறம் நியாயம் கேக்க வாய் இருக்காது."

முதலாளி அந்த மூன்றாவது குவியலைப் பார்த்தார். இரண்டாம் ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். டிபன் கேரியரோடு வந்த பெண்கள் வாழைமரத்தைப் பார்த்து "இன்னிக்கு என்ன விசேசம்?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். முதலாளி அவர்கள் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"குழந்தைவேலு, அதெல்லாம் அப்படியே நீலமா இருக்கட்டும்" என்றார்.

அதைச் சொன்னது முதலாளி. மேடத்தைப் பாராட்டும்போது அவரையும் நான் மறக்க மாட்டேன். கையெழுத்தும் கடனும் அவருடையது. சம்பளம் கொடுக்க வேண்டிய ஆளும் அவர்தான். நாற்காலியில் இருந்த அந்தம்மா எங்கள் பேச்சு புரியாமல், குவியல் எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எந்த வாக்கும் கொடுக்காமல்தான் ஊருக்குப் போனார். அந்த மாதம் கன்டெய்னர் குறைவாகப் போனது. குறையை ஓரளவு ஈடுகட்ட நீலக் கணக்கில் அனுப்பிய சரக்குக்கு அவர்கள் அங்கே கட்டிய பணத்தில் ஒரு பங்கை நம் விலையில் குறைத்தார்கள். அடுத்த மெயில் வரும் வரை நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் மேடத்தை வழியில் பார்த்தால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். "சாப்டீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்பார்கள். அவரும் "சாப்டேன்" என்பார். அந்த நாட்களில் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு நாள் மேடம் கையில் பேப்பரோடு யார்டுக்கே வந்தார். ஆர்டர் இருந்தது. முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் முழுக்க மஞ்சள் ராடில் கேட்டிருந்தார்கள். இரண்டாம் ஷிப்ட் தப்பியது. கீழே அந்தம்மா தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். சந்தேகமான ராடுகளை அன்று உங்களுக்கே நஷ்டமான பக்கம் வைத்தீர்கள், அதனால் மற்ற ராடுகளை நான் திரும்ப எண்ணவில்லை என்று அதற்கு அர்த்தம். மேடம் இரண்டு தடவை படித்துச் சொன்னார்.

குழந்தைவேல் அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காயலாங்கடைக்கு வந்த காலத்தப் பாரு" என்று மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்த நாள்தான் அந்த அலமாரியும் பூட்டும் வந்தன. இனி யார்டில் ராடு முனையில் பெயின்ட் அடிப்பது ஒரே ஆள், டேகைப் பார்த்து, ராடு இறங்கும்போதே என்று மேடம் முடிவு செய்தார். சாவி என்னிடம் வரும் என்று நினைத்தேன். ராடுகளைப் பிரித்து வைத்தவன் நான்தானே. மேடம் எல்லோர் முன்னாலும் அதைக் குழந்தைவேல் அண்ணன் கையில் கொடுத்தார்.

"எங்கிட்டயா மேடம்?"

"உங்களை விட யாருண்ணே இதைப் பத்திரமா வெச்சுக்குவாங்க?"

அவர் வேலையை விட்டுப் போகும் வரை அந்தச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கியது. யாராவது பெயின்ட் கேட்டால் முதலில் டேகைக் காட்டச் சொல்வார். முதலாளியே கேட்டாலும் அப்படித்தான். அவருக்குப் பிறகுதான் சாவி எனக்கு வந்தது.

வழியனுப்பு முடிந்து கிளம்பும்போது அதை மேடத்திடம் திருப்பிக் கொடுத்தேன். அடுத்து யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். உங்களில் கெட்டிக்காரர் யார், சீனியர் யார் என்று அவர் யோசிப்பார் என்று நினைத்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"டப்பாவுக்கு எதுக்குப் பூட்டுன்னு கேட்டாளே, அந்தப் பொண்ணுகிட்ட" என்றார்.